பெயிண்ட் ஷாப்பில் கங்கா ஸ்நானம்

எங்கள் பிளான்ட்டைப் பற்றி யாராவது “ஓ, அந்தப் பழைய கார் ஃபேக்டரியா?” என்று இழுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டல்லாஸ் பக்கத்துத் தமிழர் வீட்டு விருந்துகளில் இது அடிக்கடி நடக்கும். ஒருவர் வங்கியில் சாஃப்ட்வேர், ஒருவர் டெலிகாமில் சாஃப்ட்வேர், இன்னொருவர் ஆஸ்பத்திரியில் சாஃப்ட்வேர். நான் “கார் பிளான்ட்டில் பெயிண்ட் ஸ்டோர்” என்றதும், பாவம், மனிதருக்கு என்ன கஷ்டமோ என்று தட்டில் இன்னொரு சமோசா வைப்பார்கள். நானும் வாங்கிக்கொள்வேன். சமோசாவின் மேல் எனக்கு என்ன கோபம்?

ருக்மிணி அப்படி வாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை.

“எங்க ஒர்க் பண்றீங்க?”

“காருக்குப் பெயிண்ட் அடிக்கறேன்.”

“ஓ, டிசைன் டீமா?”

“இல்லைங்க, பெயிண்ட்டுதான். வாசல்ல நிக்குதே உங்க வெள்ளை வண்டி, அதுல டோர் கலரும் பம்பர் கலரும் மேட்ச் ஆகலை. பார்த்திருக்கீங்களா?”

அதற்குப் பிறகு அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். இந்த ருக்மிணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் வாஞ்சிநாதன். அவர் தலைமை வகிக்கும் பெயிண்ட் ஷாப்புக்குப் பெயிண்ட், தின்னர், துடைக்கிற துணி எல்லாம் வரவழைத்துக் கொடுப்பது என் வேலை. வயதில் நான் மூத்தவன், உத்தியோகத்தில் அவர் பெரியவர். எங்களுக்குள் இதனால் சண்டை வந்ததில்லை. சண்டைக்கு வேறு காரணங்கள் தாராளமாக இருந்தன.

முதலில் பிளான்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் வொர்த்துக்குத் தெற்கே, ஃப்ரீவேயிலிருந்து பார்த்தாலே தெரியும் ஹார்கிரேவ் மோட்டார்ஸின் நீளமான கூரை. ஐம்பதுகளில் கட்டினார்கள். முதலில் அங்கிருந்து வெளியே வந்தவை, பின்பக்கம் இறக்கை முளைத்த பெரிய செடான்கள். ஒன்றை நிறுத்த இரண்டு வண்டியின் இடம் வேண்டும். எழுபதுகளில் பெட்ரோலுக்கு ஜனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்ததும் இறக்கையெல்லாம் போய், சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு குட்டிக் கார் வந்தது. தலையில் தொப்பியோடு உட்கார முடியாத காரை டெக்ஸாஸ்காரன் எப்படி வாங்குவான்? வாங்கவில்லை. அப்போதே மூடப்போகிறார்கள் என்றார்கள். அதற்குள் குடும்பத்தோடு ஏறிப் போகிற ஸ்டேஷன் வேகன் வந்து காப்பாற்றியது. பிறகு மினிவேன். அதுதான் பொற்காலம் என்பார்கள் பழைய ஆட்கள். இரண்டு ஷிஃப்ட், சனிக்கிழமையும் வேலை, பார்க்கிங்கில் இடம் கிடைக்காது. மினிவேன் ஓய்ந்ததும் பிக்கப் டிரக். இரண்டாயிரத்தெட்டில் நாடே படுத்தபோது பிளான்ட்டும் படுத்தது. ஒரு ஷிஃப்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாதிக் கட்டடத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பேப்பர் இரங்கல் செய்தி மாதிரியே ஒன்று எழுதிவிட்டது. அப்போதும் மூடவில்லை. ஒரு பெரிய எஸ்.யூ.வி. வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தோம், போன ஷிஃப்டும் திரும்பி வந்தது.

அந்த எஸ்.யூ.வி. வந்த வருஷத்தில்தான் ருக்மிணியும் வந்தார். அம்பத்தூர்க்காரர். சென்னையில் பெயிண்ட் டெக்னாலஜி படித்து, பைக் தயாரிக்கும் கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர். சாய்ராமைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா வந்தபோது, மனைவிக்குக் கிடைத்த விசா வேலை பார்க்க அனுமதிக்கவில்லை. கிரீன் கார்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால், சமைப்பது, மகள் அதிதியை வளர்ப்பது, அரைத் தூக்கத்தில் மாமியாருக்கு ஃபோனில் பதில் சொல்வது, கோயில் விழாவுக்குப் புளியோதரை கிளறுவது எல்லாம் அந்தச் சும்மாவில் அடக்கம். கார்டு வந்த வாரமே பிளான்ட்டில் அப்ளை பண்ணினார். எஞ்சினியர் வேலை காலி இல்லை, லைனில் உப்புத்தாள் தேய்க்கிற வேலை இருக்கிறது என்றார்கள். சரி என்றுவிட்டார்.

சாய்ராம் தங்கமான மனிதர்தான். இருந்தாலும், “நீ ஹாப்பியா இருந்தா எனக்கு ஓகே ருக்கு. ஃப்ரெண்ட்ஸ் கிட்ட மட்டும் கன்சல்டிங்னு சொல்லிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

“தாராளமா சொல்லுங்க. உப்புத்தாள் கன்சல்டன்ட்.”

உப்புத்தாளிலிருந்து ஸ்ப்ரே பூத், பூத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன், அங்கிருந்து ப்ராசஸ் எஞ்சினியர், பிறகு பெயிண்ட் ஷாப்புக்கே தலைமை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் “இந்த லேடிக்கு முடியுமா?” என்று கேட்டார். ஒவ்வொரு படியிலும் முடிந்தது. மேலே போகப் போகத் தன் பின்னால் ஆட்களையும் இழுத்துக்கொண்டார். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதே, “கார்டு வந்துடுச்சா? வீட்ல என்ன பண்றே? பிளான்ட்டுக்கு வா” என்பார். பெயிண்ட் அடிப்பதற்கு முன் வண்டியின் உடம்பைக் கடைசியாகத் துணியால் துடைக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிற்கிறவர்கள் பெரும்பாலும் இப்படி வந்த நம் பெண்கள்தான். மதுரை நாகலக்ஷ்மி அதில் முதல் ஆள். ருக்மிணியை “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள், மீட்டிங்கிலும்.

பெயிண்ட் ஷாப்பின் பரம எதிரி எண்ணெய்ப் பிசுக்கு. பெயிண்ட் விழப்போகிற தகட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு பிசுக்கு இருந்தாலும் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி ஊத்தப்பத்தில் விழும் கண் மாதிரி வட்டமாகக் குழி விழும். கிரேட்டர் என்பார்கள். ஒரு கிரேட்டர் வந்தால் வண்டியைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். பத்து வந்தால் லைனை நிறுத்த வேண்டும். பிசுக்கு எங்கிருந்தும் வரும். கைக்குப் பூசுகிற கிரீம், தலைக்கு வைக்கிற ஜெல், அக்குளுக்கு அடிக்கிற டியோடரன்ட், பக்கத்து அறையில் பொரித்த பாப்கார்ன்.

அதனால் ருக்மிணி தினமும் காலையில் பெயிண்ட் ஷாப் கதவருகே நிற்பார். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் கேட்பார்: “கிரீம்? ஜெல்? டியோடரன்ட்?” கேட்பதோடு விடமாட்டார், மோந்தும் பார்ப்பார். ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வைஸ் பிரசிடென்ட்டின் தலையில் ஜெல் பளபளத்தது. “ஸார், கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம், நல்லாத் தெரியும்” என்று வெளியே நிறுத்திவிட்டார். பிளான்ட் மேனேஜர் கர்ட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. கர்ட் ஆறடிக்கு மேல் வளர்ந்த டெக்ஸாஸ்காரர், யாருக்கும் பயப்படாதவர். ருக்மிணியை மட்டும் மேம் என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது எஸ்.யூ.வி.க்கும் வயதாகிவிட்டது. இன்னும் சில வருஷத்தில் அதை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்குப் பதில் வரப்போவது, சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் எலெக்ட்ரிக் வேன். அதைச் செய்ய எங்களுக்கும் ஆசை, வடக்கே இருக்கிற இன்னொரு ஹார்கிரேவ் பிளான்ட்டுக்கும் ஆசை. வேன் கிடைத்த பிளான்ட் பிழைக்கும். கிடைக்காத பிளான்ட்டைப் பூட்டிவிடுவார்கள். இந்த முறை காப்பாற்ற வேறு மாடல் எதுவும் கம்பெனி கையில் இல்லை என்று கர்ட்டே எங்களிடம் சொன்னார்.

யாருக்கு வேன் என்பதைப் பெயிண்ட்டை வைத்துத் தீர்மானிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது எல்லோரும் ருக்மிணியைப் பார்த்தார்கள். வேனுக்கு முத்து வெள்ளையில் ஒரு புதுப் பெயிண்ட். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, ஆனால் மகா முசுடு. சாதாரணப் பெயிண்ட் மன்னித்துவிடுகிற பிசுக்கை அது மன்னிக்காது. இரண்டு பிளான்ட்டிலும் ஒரு நாள் முழுக்க அந்தப் பெயிண்ட்டை அடித்துக் காட்ட வேண்டும், காலையில் பாதி வண்டி, மதியம் பாதி. பார்த்து மார்க் போட டயான் என்ற அம்மாள் தலைமை அலுவலகத்திலிருந்து வருவார். வடக்கே போய்விட்டு எங்களிடம் வரும் தேதியையும் கொடுத்தார்கள். அக்டோபரில் ஒரு திங்கள்கிழமை.

காலண்டரைப் பார்த்த நான் திடுக்கிட்டேன். “ருக்மிணி, அன்னைக்குத் தீபாவளி. டேட் சேஞ்ச் பண்ணச் சொல்லலாமே? கர்ட் கேட்டா குடுப்பாங்க.”

“எதுக்கு சார்? நல்ல நாள். அன்னைக்கு அடிச்சா ஜெயிச்சுடுவோம்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மறு பேச்சே இல்லை.

அந்தத் தீபாவளி ருக்மிணி வீட்டில் தடபுடலாகத்தான் விடிந்தது. ஆஸ்டினில் படிக்கும் அதிதி முதல் நாளே வந்துவிட்டாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் பண்டிகை என்றால் அம்மாவை விடமாட்டாள். “மாம், யூ ஸ்கிப் இட் எவ்ரி இயர். நாட் திஸ் டைம்” என்று ருக்மிணியை மணையில் உட்காரவைத்துத் தன் கையாலேயே தலைக்கு எண்ணெய் வைத்தாளாம். பெற்ற பெண் தலையைத் தடவிவிடும்போது எந்த அம்மாவுக்குப் பெயிண்ட் ஷாப் ஞாபகம் வரும்?

காலையில் பிளான்ட்டுக்கு வந்தால் எங்கும் திருவிழாக் களை. யூனிஃபார்முக்கு மேல் புதுத் துணி போட முடியாது என்பதால் பெண்கள் காரிலிருந்து இறங்கும்போது பட்டுப் புடவையும், லாக்கரில் போய் மாற்றிக்கொண்டதும் வெள்ளை ஓவர்ஆலுமாக இருந்தார்கள். கேண்டீன் மேஜையில் முறுக்கு, மைசூர்பாகு, சோமாஸ். “கை கழுவாம எவளும் உள்ள வரக் கூடாது!” என்று ருக்மிணி முறுக்கு டப்பாவை எல்லாம் வேறு கட்டடத்துக்கே அனுப்பிவிட்டார். பிறகு வழக்கம்போல் கதவருகே நின்றார். “கிரீம்? ஜெல்? டியோடரன்ட்?” அமெரிக்கர்களுக்கு அதோடு சரி. நம்மவர்களுக்கு, தீபாவளியன்று நாமெல்லாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்.

“நாகு, கங்கா ஸ்நானம் ஆச்சா?”

“ஆச்சுக்கா! உங்களுக்கு?”

“அதிதி பண்ணி வெச்சா. வா வா, உள்ள போ.”

சிரித்துச் சிரித்து எல்லோரையும் உள்ளே அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

முதல் வண்டி பூத்தைத் தாண்டி, அடுப்பில் வெந்து, சோதனை விளக்கடிக்கு வந்தது. முன்பக்கம் பூராவும் கிரேட்டர். இரண்டாவது வண்டியில் கதவில். மூன்றாவதில் கூரையில் கொத்துக் கொத்தாக. டயான் வண்டியருகே வந்தார். குள்ளமான, நரைத்த தலை அம்மாள், கையில் ஒரு விளக்கு. ஒவ்வொரு குழிக்கு மேலும் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். ருக்மிணி லைனை நிறுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்த அமளியைச் சொல்லி மாளாது. காற்றுக் குழாயில் எண்ணெய் வருகிறதா என்று ஒரு கூட்டம் ஓடியது. மேலே ஓடும் செயினிலிருந்து கிரீஸ் சொட்டுகிறதா என்று ஒரு கூட்டம். பெயிண்ட்டே கெட்டதா என்று என்னையும் பிடித்தார்கள். நான் எகிறிவிட்டேன், என் பெயிண்ட்டில் குற்றம் சொல்ல ஒருவருக்கும் உரிமை கிடையாது. முறுக்குதான் காரணம் என்று ஒருவன் சொன்னான். முறுக்கு அடுத்த கட்டடத்தில் அநாதையாகக் கிடந்தது. அதற்குள் பூத்தைத் தாண்டியிருந்த காலை வண்டிகளும் அப்படியே குழி குழியாக நின்றன.

பூத்துக்கு வெளியே உள்ள பெஞ்சில் நாகலக்ஷ்மி தலையை மூடும் ஹூடைக் கழற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். “நாங்க நல்லாத்தான் துடைச்சோம்க்கா. சத்தியமா நல்லாத்தான் துடைச்சோம்.” ருக்மிணி பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டு, அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். சட்டென்று குனிந்து அந்தத் தலையை மோந்து பார்த்தார்.

“நாகு, என்ன வாசனை இது?”

“என்னதுக்கா?”

“உன் தலைல.”

“நல்லெண்ணெய்க்கா. மிளகும் வெத்தலையும் போட்டுக் காய்ச்சினது. ஷாம்பூ போட்டு அலசிட்டேனே?”

ருக்மிணி மெதுவாகத் தன் பின்னங்கழுத்தில் கையை வைத்துத் தடவி, விரலை விளக்கில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வாஞ்சி சார், நீங்களும் தேய்ச்சுக்கிட்டீங்களா?”

“தீபாவளி ஆச்சேம்மா” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. 

கிரீம், ஜெல், டியோடரன்ட் என்று இத்தனை வருஷம் கதவருகே நின்று கேட்டவர், அமெரிக்கர்கள் பூசுகிறதை மட்டும் கேட்டுப் பழகிவிட்டார். இந்த ஊரில் தலைக்கு எண்ணெய் வைப்பவர் யார்? அன்று காலை நம்மவர் அத்தனை பேரும் வைத்திருந்தோம். தன் தலையிலும் அதே வாசனை இருந்ததால் ருக்மிணியின் மூக்குக்கும் அது தனியாகத் தெரியவில்லை. நெற்றியில் வழிந்த வியர்வையோடு அந்த எண்ணெயும் வழிந்து, ஹூடைச் சரிசெய்த கையுறையில் ஒட்டி, துணிக்குப் போய், வண்டிக்குப் போயிருக்கிறது. போதாக்குறைக்கு, எண்ணெய் வைத்தாயா என்று ஒவ்வொருவரையும் அவரே கேட்டு, ஆச்சு என்று பதிலும் வாங்கி, வாழ்த்தி உள்ளே அனுப்பியிருக்கிறார்!

கர்ட்டிடம் முதலில் சொன்னோம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், நடுவில் வந்த கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டு. “இதை வெளியே சொல்லாதீங்க மேம். காத்து அனுப்பற கம்ப்ரஸர் ஃபில்டர்ல கொஞ்சம் ஈரம் இருந்ததாம். அதுதான் காரணம்னு சொல்லி இன்னொரு டேட் வாங்கிக்கலாம். மெஷின் மேல பழியைப் போட்டா யாருக்கும் நஷ்டமில்லை.”

நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ருக்மிணிக்குக் கண் சிவந்துவிட்டது.

“அந்த அம்மா நம்பிட்டாங்கன்னா நல்லா இருக்கற கம்ப்ரஸரைக் கழட்டுவோம். அடுத்த வருஷமும் தீபாவளி வரும் கர்ட். அப்ப எதைக் கழட்டுவீங்க?” என்று கேட்டுவிட்டு நேரே டயானிடம் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

டயான் முன்னால் நின்று ருக்மிணி முதலில் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு புதுத் தகட்டை எடுத்து வைத்தார். புதுத் துணியால் தன் நெற்றியை ஒற்றி, அதே துணியால் தகட்டின் ஒரு பாதியைத் துடைத்தார். இன்னொரு பாதியை இன்னொரு துணியால். பெயிண்ட்டை அடித்தார். ஒரு பாதி பால் மாதிரிப் படிந்தது. மறு பாதியில் எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் குழி திறந்தது. “காலையில் வந்த எல்லாக் குழியும் என்னால், என் கிரூவால். இன்று எங்கள் பண்டிகை. விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.  

டயான் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “மதிய வண்டிகளுக்கு இந்த ஆட்களை மாற்றிவிடுவீர்களா?”

“மாட்டேன். இவங்களை விட நல்லாத் துடைக்கிறவங்க எந்த பிளான்ட்டிலயும் இல்லை. குளிக்க மட்டும் டைம் குடுங்க.”

டயான் கடிகாரத்தைப் பார்த்தார். “லஞ்ச் முடியும்வரை.”

அன்று எங்கள் பிளான்ட்டில் நடந்தது இரண்டாவது கங்கா ஸ்நானம். கேண்டீனில் பாத்திரம் கழுவும் சோப்பு அத்தனையும் லாக்கர் ரூமுக்குப் போயிற்று. எண்ணெய்ச் சட்டியைக் கழுவுகிற சோப்பை விட்டால் எங்கள் தலைக்கு வேறு கதி இல்லை. ஆண்கள் பக்கம் ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், ராட்சத உருவம், துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “ஹாப்பி திவாலி! ஸ்க்ரப் ஹார்டர்!” என்று கத்திக்கொண்டிருந்தான். என் தலையில் மிச்சமிருந்த முடியிலும் பாதி அன்று போயிற்று. நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மெக்ஸிகோக்காரர்களும் வியட்நாம்காரர்களும் டெக்ஸாஸ்காரர்களும் சாப்பிடக்கூடப் போகாமல் பூத்தைக் கழுவித் துடைத்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பழைய துணி, பழைய கையுறை, பழைய ஹூட் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே எறிந்துவிட்டு, ஸ்டோரிலிருந்து புதிதாக நான் கொடுத்தேன். இதற்கெல்லாம் கையெழுத்து யார் போடுவது என்று முதல் முறையாக நானும் கேட்கவில்லை.

ருக்மிணி ஈரத் தலையோடு கதவருகே வந்து நின்றார். ஒவ்வொருவர் தலையையும் மோந்து பார்த்து உள்ளே அனுப்பினார். கடைசியில் நாகலக்ஷ்மியைக் கூப்பிட்டுத் தன் தலையைக் குனிந்து காட்டினார். “நீ பாரு. சரியாப் பாரு, அக்கான்னு பாவம் பார்க்காத.” நாகலக்ஷ்மி மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவர் உள்ளே போனார்.

மதியம் முதல் வண்டி விளக்கடிக்கு வந்தது. டயான் கூரையைப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். விளக்கு வழுக்கிக்கொண்டே போயிற்று, எங்கும் நிற்கவில்லை. இரண்டாவது வண்டி. மூன்றாவது. மாலைவரை ஒரு குழி இல்லை. முத்து வெள்ளை என்று எதற்குப் பெயர் வைத்தார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டயான் விளக்கை அணைத்து, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு வந்த வாரங்கள் நரகம். வடக்கு பிளான்ட்டில் காலையும் சுத்தம், மதியமும் சுத்தம் என்று செய்தி வந்தது. எங்களுக்குப் பாதிதான். இதில் கூட்டிக் கழிக்க என்ன இருக்கிறது? கர்ட் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ருக்மிணி வழக்கம்போல் வேலைக்கு வந்தார், வழக்கம்போல் கதவருகே நின்றார், சத்தம் மட்டும் போடவில்லை. ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷமா எத்தனையோ வந்துது சார், இந்த பிளான்ட் எல்லாத்தையும் தாண்டிடுச்சு. ஆயில் கிரைசிஸ்ல மூடலை, ரெசஷன்ல மூடலை. என் தலை எண்ணெயில மூடப்போகுது. எத்தனை பேரை நான் கூட்டிட்டு வந்தேன் இங்க!” என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.  மேஜையிலிருந்த துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது என்ன, மட்டத் துணியா இருக்கு? மாத்துங்க” என்றார். அந்த மட்டும் எனக்கு நிம்மதி.

நவம்பரில் ஒரு நாள் இரண்டு ஷிஃப்டையும் ஒன்றாக வரச்சொல்லி லைனை நிறுத்தினார்கள். லைனின் கடைசியில் ஒரு சின்ன மேடை. டயான் ஏறினார்.  அவர் பேசியதை வார்த்தை தவறாமல் சொல்ல முயல்கிறேன்.

“வடக்கு பிளான்ட்டில் எந்தக் குறையும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன், அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே குறை வந்தது. ஏன் வந்தது என்று அரை நாளில் எனக்குக் கண் முன்னால் செய்து காட்டினார்கள், அதே ஆட்களை வைத்துச் சரி செய்தார்கள். இந்தப் பெயிண்ட் எல்லா இடத்திலும் தொல்லை கொடுக்கத்தான் போகிறது. அது எந்த இடத்தில் தொல்லை கொடுக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். இந்த இடத்தில் என்று சொன்னேன். வேன் உங்களுக்கு. வடக்கு பிளான்ட்டையும் மூடவில்லை, பேட்டரிப் பெட்டி அவர்கள் செய்வார்கள்.”

 கூரை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கர்ட் தொப்பியைத் தூக்கி எறிந்தார். ஃபோர்க்லிஃப்ட்டுகள் எல்லாம் ஹாரன் அடித்தன. எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது, மறைக்க நான் முயலவில்லை. யாரோ ருக்மிணியைத் தூக்காத குறையாக மேடைமேல் ஏற்றிக் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

நாள் முழுக்கக் கத்துகிறவர் மைக்கை ஒரு முறை தட்டிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் நாகலக்ஷ்மியும் மற்ற பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். ருக்மிணி ஆங்கிலத்தைத் தேடினார், கிடைக்கவில்லை போலிருக்கிறது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாய்மொழியில், அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“ஜெயிச்சுட்டோம்டீ!”

டெக்ஸாஸ்காரர்களும் மெக்ஸிகோக்காரர்களும் வியட்நாம்காரர்களும் அது என்ன மொழி என்று யோசிக்கவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வேலை மணி அடித்துவிட்டது, நின்றிருந்த லைன் நகர ஆரம்பித்தது. மேடையிலிருந்து இறங்கிய ருக்மிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“என்ன எல்லாரும் நின்னுட்டிருக்கீங்க? வண்டி வருது, போங்க போங்க!”

போனோம்.